செவ்வாயில் எடுத்த வெள்ளிக்கிழமை

செவ்வாய்க்கிழமை வந்தால் மோகனசுந்தரத்தின் வீட்டில் வாரம் முழுவதும் ஒரே சாயங்காலத்தில் நடந்து முடிந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்த மயிலு, உடம்பில் கிடக்கும் யூனிஃபார்மோடு முதலில் அடுத்த திங்கட்கிழமையைப் படித்துவிடுவாள். அதைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சிவப்புக் கவுனில் செவ்வாய். மஞ்சள் கவுனில் புதன். பூப்போட்ட சட்டையில் வியாழன். கடைசியாகப் பட்டுப் பாவாடை, நெற்றியில் திருநீறு, சடையில் ஒரு கிள்ளுக் கதம்பம். அது வெள்ளி. பொழுது சாய்வதற்குள் அத்தனை நாள் படிப்பும் அப்பனுடைய ஃபோனுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு அந்தந்த நாள் சாயங்காலம் ஒவ்வொன்றாக எடுத்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

மயிலு என்றால் மயிலாத்தாள். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின கேரளத்து ஊரில், எல்.பி. என்கிற அரசாங்க ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவு ஒன்றாம் வகுப்பு. கூடப் படிக்கும் பிள்ளைகளின் பெயரெல்லாம் வாயில் நுழையாத தினுசில் இருக்க, இவளுக்கு மட்டும் தன் தாயார் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று தாத்தா சென்னியப்பன் ஒற்றைக் காலில் நின்று வைத்தார். பெயர் பழசு என்றாலும் ஆள் படு சுட்டி. எந்தக் கிழமைக்கு எந்தத் துணி என்பது அப்பனைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கத்தரீனாள் டீச்சர் நல்லவர். பாவம், அவர் நல்லதற்குத்தான் சொன்னார். பள்ளிக்கூடம் திறந்த புதிதில் பெற்றோர்களைக் கூப்பிட்டு, தினமும் சாயங்காலம் பிள்ளைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள், ஒரு பக்கம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், அதைச் சின்ன வீடியோவாக எடுத்து வகுப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள் என்றார். உட்காருவதுதான் முக்கியம், வீடியோ சும்மா ஒரு அடையாளத்துக்கு. உலகத்தில் எல்லாக் காரியத்துக்கும் நடக்கிறதுதான் இதற்கும் நடந்தது. அடையாளம் மட்டும் நின்றது, உட்காருவது போய்விட்டது.

மோகனசுந்தரத்தையும் ஒரேயடியாகக் குற்றம் சொல்வதற்கில்லை. அவனுக்குக் கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட். அவன் மனைவி கோமதிக்கு அதே கஞ்சிக்கோட்டில் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பகல் வேலை. சாயங்காலம் அவள் திரும்பி வரும் பஸ்ஸும் இவன் ஏறிப் போகும் கம்பெனி வேனும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போகும். அவளுக்கு ஞாயிறு லீவு, இவனுக்குச் செவ்வாய் லீவு. ஒரே வீட்டில் குடியிருந்துகொண்டு ஃபோனில்தான் குடும்பம் நடந்தது. பகலெல்லாம் தூங்கியும் தூக்கம் தீராமல் இவன் எழுந்திருக்கிற நேரமும் பிள்ளை வீட்டுக்கு வருகிற நேரமும் ஒன்றுதான். அதற்கப்புறம் வேன் வருவதற்குள் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், தண்ணீர் மோட்டாரைப் போட்டு நிறுத்த வேண்டும், இதற்கு நடுவில் படிப்பு.

முதலில் தினமும் உட்கார்ந்து பார்த்தான். பிள்ளை ஒரு எழுத்தைப் பார்த்து, யோசித்து, அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் இவனுக்குக் கண் சொருகிவிடும். ஒரு நாள் பிடித்திருந்த ஃபோன் நழுவி அவன் மூக்கிலேயே விழுந்தது. இன்னொரு நாள், "சீக்கிரம் படி கண்ணு" என்று குரல் உயர்ந்துவிட, பிள்ளை அழ, வெளியே வேன்காரன் ஹாரனை அமுக்கிப் பிடிக்க, அன்றைக்கு ராத்திரி முழுக்க உலை முன்னால் நின்றுகொண்டு அந்த அழுகையையே நினைத்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகுதான் செவ்வாய்க்கிழமை ஏற்பாடு.

ஏற்பாடு என்றால் சுலபமானது. அப்பன் ஒரு வரியைப் படிப்பான், மகள் திருப்பிச் சொல்வாள். வரி நாக்கில் உட்காரும்வரை சொல்வாள். பிறகு ஃபோனைப் பார்த்துப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணியாகச் சொல்லுவாள். பக்கத்தின் மேல் ஓடுகிற விரல் வாய்க்கு முன்னாலோ பின்னாலோ எங்காவது போய்க்கொண்டிருக்கும். அதனால் விரலும் பக்கமும் தெரியாதபடி புத்தகத்தின் அட்டையை மட்டும் காட்டுவதற்கு மோகனசுந்தரம் பழகிக்கொண்டான். டீச்சரிடமிருந்து சிவப்பாக ஒரு இதயம் வரும். அதைப் பார்த்ததும் அன்றைய கடமை தீர்ந்தது என்று வேனில் தலையைச் சாய்த்துக்கொள்வான்.

"இது நம்ம ஊட்டுக்குள்ளயே இருக்கட்டும் கண்ணு" என்று முதல் நாளே சொல்லியிருந்தான். "மொத்தமா எடுக்கறது டீச்சருக்குத் தெரிஞ்சா அப்பனை வைவாங்க."

"நான் சொல்ல மாட்டனுங்" என்று மயிலு தலையாட்டினாள்.

ஒரு தடவை மாட்டிக்கொள்ளப் பார்த்தார்கள். வீட்டில் நல்ல வெளிச்சம் விழுகிற சுவரில்தான் தினசரிக் காலண்டர் தொங்கியது. வியாழக்கிழமை அனுப்பிய வீடியோவில் மயிலுவின் தலைக்கு மேலே செவ்வாய்க்கிழமை கொட்டை எழுத்தில் தெரிந்தது. கூடப் படிக்கும் ரிஜினின் அம்மா அதைக் கவனித்து, உங்கள் வீட்டில் இன்னும் செவ்வாய்தானா என்று குரூப்பில் கேட்டுச் சிரிப்புப் பொம்மையும் போட்டாள். காலண்டரைக் கழற்றி வைத்திருந்தால் தொல்லை விட்டிருக்கும். மோகனசுந்தரத்துக்கு அப்போது ஒரு கெட்டிக்காரத்தனம் தோன்றியது. தேதியோடு தெரிந்தால் எவனும் சந்தேகப்பட மாட்டான் அல்லவா? அன்றிலிருந்து ஒவ்வொரு கிழமைக்கும் தாள்களைத் தூக்கித் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி, சரியான தேதி தெரிகிற மாதிரி எடுத்தான். செய்கிற வேலையைத் திருத்தமாகச் செய்கிறவன், திருட்டு வேலையையும் திருத்தமாகத்தான் செய்தான்.

அந்தத் தை மாதச் செவ்வாய்க்கிழமை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. தென்னை மட்டைகள் தகரக் கூரையில் விழுந்தன. காலண்டர் தாள்கள் படபடவென்று அடிக்க, இரண்டு கிளிப்பு போட்டு இறுக்கித்தான் வெள்ளிக்கிழமையை எடுக்க முடிந்தது. குருவி கூடு கட்டியது, காற்று வந்தது, கூடு ஆடியது என்று மயிலு கணீரென்று சொல்லி முடித்தாள். கோமதி வந்த பிறகு எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். வாரத்தில் அந்த ஒரு வேளைதான் அப்படி. அதிலும் மோர் ஊற்றுவதற்குள் மோகனசுந்தரத்துக்குக் கண் மூடிக்கொண்டு போனது. கிளிப்பு காலண்டரிலேயே இருந்துவிட்டது.

மறுநாள் உச்சி வெயிலில், ராத்திரி ஷிப்டுக்காகக் கொஞ்சம் தூங்கி வைத்துக்கொள்ளலாம் என்று அவன் படுத்திருந்தபோது காலை யாரோ பிடித்து ஆட்டினார்கள். சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, சலவை வேட்டி, தோளில் கல்யாணத்துக்குப் போடுகிற துண்டு.

"டேய் மோகனா, எந்திரி. இன்னைக்கு என்ன கெழமைடா?"

"புதனுங்."

"புதனா? அப்பறம் ஏண்டா காலண்டர்ல வெள்ளின்னு போட்டிருக்குது?"

மோகனசுந்தரம் எழுந்து உட்கார்ந்து காலண்டரைப் பார்த்தான். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் இருந்தது. கோமதிக்கு லீவு கிடைக்காது, இவனுக்கு அது தூங்குகிற நேரம், அதனால் சென்னியப்பன் போவதாக ஏற்பாடு. மனுஷன் அதிகாலையில் மாட்டைக் கறந்து, குளித்து, கண்ணாடியைப் போட்டுக் காலண்டரைப் பார்த்து, வெள்ளிக்கிழமை வந்துவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டார்.

"சிரிக்காதடா. பெத்தவங்க ஒருத்தரும் வராத பள்ளிக்கூடத்துல போயி கூட்டம் எங்கீங்கன்னு கேட்டுட்டு நின்னேன். அந்த டீச்சரம்மா நல்ல புள்ள. சிரிக்காம, உக்காரச் சொல்லி டீ வாங்கிக் குடுத்துச்சு. அப்பறம் நம்ம புள்ளையப் பத்திச் சொல்லுச்சு."

"என்னங்கப்பா சொல்லுச்சு?"

"ஊட்ல அத்தன அழகாப் படிக்கற புள்ள, பள்ளிக்கூடத்துல படின்னா வாயவே தொறக்கறதில்லியாமா. தலையக் குனிஞ்சுட்டே நிக்கறாளாமா. படிக்கத் தெரியாத புள்ளைங்களை வெடியால நேரமே வரச் சொல்லித் தனியா உக்கார வெச்சுச் சொல்லிக் குடுக்குதாமா டீச்சரம்மா. நம்ம புள்ளதான் ஊட்ல நல்லாப் படிக்கறாளே, அவளுக்கு எதுக்குன்னு அதுல சேர்க்குலியாமா." சென்னியப்பன் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "வர்ற வெள்ளிக்கெழமை காதும் பேச்சும் சோதிக்கறதுக்கு ஆளுக வர்றாங்களாமா. இவளையும் காட்டோணுங்குது. எம்பட பேத்திக்கு என்றா கேடு? ஊட்ல கத்தற கத்துல கன்னுக்குட்டி மெரளுது. எனக்கு மனசு போட்டு அடிச்சுக்குதுடா."

சென்னியப்பன் சட்டையைக் கழற்றிக்கொண்டே மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனார். போகிற வழியில் காலண்டரின் கிளிப்பைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். தாள்கள் பொத்தென்று விழ, மேலே கிடந்த செவ்வாயைக் கிழித்துப் போட்டார், புதன்கிழமை வந்தது.

மோகனசுந்தரத்துக்கு அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. கண் எரிந்தது, உடம்பு வலித்தது, தூக்கம் மட்டும் எங்கோ போய்விட்டது. பிள்ளைக்குக் காதில் குறையில்லை, நாக்கிலும் குறையில்லை. குறை எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். ஜூன் மாதத்திலிருந்து இந்தத் தை வரைக்கும், படிக்கத் தெரியாத பிள்ளையைப் படிக்கத் தெரிந்தவள் என்று காட்டிக் காட்டி, அவளுக்குக் கிடைக்க வேண்டிய உதவியை அவனே தட்டிப் பறித்திருக்கிறான். ஆனால் அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை? தப்பாகவாவது படிக்கலாமே? டீச்சருக்கு அப்போதே தெரிந்துபோயிருக்குமே? அதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

மயிலு வந்தாள். பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பால் டம்ளரைக் கொடுத்துவிட்டு மோகனசுந்தரம் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"ஏங்கண்ணு, ஸ்கூல்ல டீச்சர் படிக்கச் சொன்னா நீ ஏன் படிக்கறதில்ல?"

மயிலு டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர் அடிப்பாங்களா?"

"இல்லீங்."

"வைவாங்களா?"

"இல்லீங்கப்பா. டீச்சர் நல்லவங்க."

"அப்பறம் என்ன சாமி?"

மயிலு பாலைக் குடித்து முடித்தாள். பிறகு வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"டீச்சர் ஃபோனை எல்லார்த்துக்கும் காட்டுவாங்க. பாருங்க, மயிலு எத்தன நல்லாப் படிக்கறான்னு சொல்லுவாங்க. எல்லாரும் கை தட்டுவாங்க. நான் அங்க படிச்சா தப்புத் தப்பா வருமுங். தப்பா வந்தா ஃபோன்ல இருக்கறது நெசமில்லீன்னு டீச்சருக்குத் தெரிஞ்சிருமுங். அப்பறம் உங்கள வைவாங்கல்லீங்?"

அவன் அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தான்.

"அதனாலதான் நான் படிக்கறதே இல்லீங்" என்றாள் மயிலு. சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம் கொஞ்சமும் இல்லை. ஒரு காரியத்தைச் சாமர்த்தியமாகச் செய்து முடித்தவளுடைய பெருமைதான் இருந்தது. "எம்பக்கத்துல உக்கார்ற ஜோஜோ கேட்டான், உனக்குப் பேச வராதான்னு. அவங்கிட்டகூட நான் சொல்லுலீங்கப்பா. சத்தியமா."

உலை வெடித்துத் தெறித்த நாளில்கூட மோகனசுந்தரம் இப்படி ஆடிப்போனதில்லை. ஆறு வயதுப் பிள்ளை, தன் அப்பனை யாரும் வையக் கூடாது என்று பள்ளிக்கூடம் முழுக்க ஊமையாக இருந்திருக்கிறாள். மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. அழுதால் அவள் பயந்துவிடுவாள் என்று எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

திரும்பி வந்தபோது மயிலு அலமாரியைத் திறந்து நின்றாள்.

"புதன்கெழமைக்கு மஞ்சக் கவுனுங். ஆனா அது நேத்தே எடுத்தாச்சுங்களே?"

"அதை அழிச்சுட்டேன்" என்றான். பொய்யாகச் சொல்லவில்லை, சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தான். மஞ்சள் கவுன் போயிற்று. பூப்போட்ட சட்டை போயிற்று. பட்டுப் பாவாடையும் திருநீறும் கதம்பமும் போயின.

"இப்படியே உக்காரு. துணி மாத்த வேண்டாம்."

"யூனிஃபார்ம் அழுக்கா இருக்குதுங்களே?"

"இருந்துட்டுப் போகட்டும்."

ஃபோனைத் தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து வைத்தான். இந்தத் தடவை புத்தகத்தின் பக்கமும் அவள் விரலும் நன்றாகத் தெரிகிற மாதிரி வைத்தான். நேற்று மனப்பாடமாகச் சொன்ன பாடம் வேண்டாம் என்று, இதுவரை புரட்டாத ஒரு பக்கத்தை எடுத்தான். மயிலு அவனை ஒரு மாதிரி பார்த்தாள்.

"நீங்க முன்னாடி சொல்லுங்க."

"இல்ல கண்ணு. நீயே பாத்துப் படி. எத்தன தப்பு வேணாலும் வரட்டும்."

"டீச்சர் பாப்பாங்களே?"

"பாக்கட்டும். பாத்தாத்தான் உனக்குச் சொல்லிக் குடுப்பாங்க."

மயிலு விரலை வைத்தாள். பக்கத்தில் ஆட்டின் படம் இருந்ததால் முதல் வார்த்தை உடனே வந்துவிட்டது. அதற்கடுத்த வார்த்தைக்குப் படம் உதவவில்லை. விரல் நின்றது. முதல் எழுத்தைச் சொன்னாள், அடுத்ததைச் சொன்னாள், இரண்டையும் சேர்க்கும்போது வேறு எதுவோ வந்தது. நிமிர்ந்து அப்பனைப் பார்த்தாள். அவன் வாய் தானாகவே திறந்தது. பழக்கம் விடவில்லை. சிரமப்பட்டு மூடிக்கொண்டான். மறுபடியும் குனிந்தாள். நடுவில் சென்னியப்பன் கோவணத்தோடு பின்னால் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போனார். கன்றுக்குட்டி கத்தியது. மோகனசுந்தரத்துக்குப் பெரிதாகக் கொட்டாவி வந்தது, அதன் சத்தமும் பதிவானது. மயிலு அந்த வார்த்தையைத் தவறாகவே முடித்து, அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள்.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. அவன் சட்டையைக்கூட மாட்டியிருக்கவில்லை. மறுபடி அடித்தது. மயிலு சட்டென்று நிறுத்தி எழுந்திருக்கப் பார்த்தாள், ஹாரன் அடித்தால் படிப்பு முடிந்தது என்பதுதான் அந்த வீட்டு வழக்கம்.

"நீ படி. வேன் நிக்கும்" என்றான்.

வேன் நின்றது, உள்ளே இருந்தவர்கள் வைதுகொண்டேதான் நின்றார்கள். அந்த வரி முடிந்த பிறகுதான் அவன் ஃபோனை எடுத்தான். கையில் சட்டையும் தூக்குச் சட்டியுமாக ஓடிப் போய் ஏறினான். கடைசி இருக்கையில் உட்கார்ந்து அந்த வீடியோவை வெட்டாமல் ஒட்டாமல் குரூப்பில் போட்டான். அதன் கீழே பேசியும் அனுப்பினான்.

"டீச்சர், மயிலு அப்பன் பேசறனுங். இதுதானுங்க நெசம். இத்தன நாளா அனுப்புனதெல்லாம் செவ்வாக்கெழமை செவ்வாக்கெழமை மனப்பாடம் பண்ண வெச்சு, துணி மாத்தி மாத்தி நான் எடுத்ததுங்க. புள்ளைக்குக் காது நல்லாக் கேக்குமுங், பேச்சும் வருமுங். படிக்கத்தான் தெரியாதுங்க. தப்பு எம்மேலதானுங்."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

வேளந்தாவளம் ரோட்டைத் தாண்டுவதற்குள் கோமதியிடமிருந்து ஃபோன் வந்தது. எதிரில் எங்கேயோ வருகிற பஸ்ஸில் அவள் இருந்தாள். கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவில் குரலை அடக்கிப் பேசினாள்.

"ஏனுங்க, குரூப்புல என்னத்தப் போட்டு வெச்சிருக்கீங்க? ரிஜினோட அம்மா எம்பக்கத்துலதான் உக்காந்திருக்கறா. கேட்டுட்டு என்னய ஒரு பார்வை பாக்கறா. ஊரு சிரிக்கோணுமுங்களா?"

"கோமதி, சித்த நாஞ்சொல்றதக் கேளு."

சொன்னான். காலண்டரிலிருந்து தொடங்கி, மயிலு சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொன்னான். அந்தப் பக்கம் பஸ் நிற்பதும் ஆட்கள் இறங்குவதும் கேட்டது.

"நானுஞ் சேந்துதானுங்க கவுனைத் தேச்சுத் தேச்சு அடுக்கி வெச்சேன்" என்றாள் கடைசியில். "ஞாயித்துக்கெழமை முழுக்க அந்த வேலதான் பாத்தேன். அவகூட உக்காரோணும்னு ஒரு நாளும் எனக்குத் தோணுலியே."

பிறகு, "வெடியால யாரு கூட்டிட்டுப் போறது, அந்தத் தனி வகுப்புக்கு?" என்று கேட்டாள்.

"நாந்தான். வேன்ல வந்து எறங்குனதும் கூட்டிட்டுப் போறேன்."

"தூக்கம்?"

"அதைய அப்பறம் பாத்துக்கலாம்."

எதிரில் ஒரு பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு கடந்து போனது. அதுதான் அவள் பஸ்ஸோ என்னவோ, அவனுக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலையில் வேனிலிருந்து இறங்கியபோது அவனால் நேராக நிற்க முடியவில்லை. முகமெல்லாம் கரி. வீட்டில் மயிலு தலை பின்னிக்கொண்டு தயாராக இருந்தாள். மொபெட்டின் முன்னால் அவளை நிறுத்திக்கொண்டு கிளம்பியபோது சென்னியப்பன் பால் கேனோடு வழியை மறித்தார்.

"இன்னைக்கு வியாழந்தானே? நல்லா ரோசன பண்ணிச் சொல்லு."

"வியாழந்தானுங்கப்பா."

"நான் எதுக்கும் பால்காரங்கிட்டயும் கேட்டுக்கறேன்" என்றார்.

பள்ளிக்கூடம் இன்னும் கூடவில்லை. வராந்தாவில் பாய் விரித்து, கத்தரீனாள் டீச்சர் நாலைந்து பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். குளித்த தலை ஈரம் காயவில்லை, பக்கத்தில் மூடி திறக்காத டிபன் டப்பா. வீட்டில் சமைத்து வைத்துவிட்டு முதல் பஸ் பிடித்து வருகிறவர் என்பது பார்த்தாலே தெரிந்தது. மோகனசுந்தரம் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு படிக்குக் கீழேயே நின்றான். ராத்திரி முழுக்க என்னென்னவோ யோசித்து வைத்திருந்தான். வந்தது இவ்வளவுதான்.

"மன்னிச்சுக்கோங்க டீச்சர்."

டீச்சர் அவனை வையவில்லை. அவன் கரி முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

"மயிலு அப்பா, ஒண்ணு சொல்லட்டுங்களா? அந்த வீடியோவெல்லாம் நானும் முழுசாப் பாத்ததில்லீங்க. அடுப்புல ஒண்ணு கெடக்கும், ஒரு கையில ஃபோன் இருக்கும். மொதல் வார்த்தை நல்லா வந்தா ஒரு ஹார்ட்டைப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிருவேன். நேத்து உங்களுது ஒண்ணுதான் கடைசி வரைக்கும் பாத்தேன். உங்க கொட்டாவி வரைக்கும்." அவர் சிரித்தார், சிரிப்பிலும் களைப்புதான் இருந்தது. "இவளுக்குக் காதுல குறையோன்னு நெனச்சுட்டேனே. எங்கிட்டப் பயமோன்னு ராத்திரியெல்லாம் ஒறங்காம கெடந்திருக்கேன்."

பாயில் இருந்த ஜோஜோ நகர்ந்து இடம் விட்டான். "இங்க உக்காரு. எனக்கும் வராது" என்றான்.

மயிலு உட்காரவில்லை. அப்பனைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், மறுபடியும் அப்பனைப் பார்த்தாள். பிறகு படியில் இறங்கி வந்து அவன் காதுக்கு எட்டுகிற மாதிரி கேட்டாள்.

"டீச்சர் வைதாங்களாங்?"

"இல்ல சாமி. வையலை."

"இனி வைய மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப நான் படிக்கலாமுங்களா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். மயிலு பாயில் போய் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தாள். டீச்சர் பக்கத்தில் நகர்ந்து வந்து, அவள் விரலுக்குக் கீழே தன் விரலை வைத்தார்.

மோகனசுந்தரம் வராந்தாத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் இருந்து கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் உட்கார்ந்தான். மயிலு படிக்க ஆரம்பித்தாள். இத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்த குரல், மைதானத்தைத் தாண்டிக் கேட்கும்படி வந்தது. முதல் வரியிலேயே தப்பு. "இன்னொரு வாட்டி பாரு" என்றார் டீச்சர். மறுபடியும் தப்பு, முன்னைவிடச் சத்தமாக. அவன் உதடு அந்த வார்த்தையை எடுத்துக் கொடுக்கப் போனது, அதற்குள் கண் மூடிவிட்டது. அவள் மூன்றாம் தடவை படித்தது சரியா தப்பா என்று அவனுக்குத் தெரியாது. தூங்கிப் போயிருந்தான்.